பத்துப் பேருக்கு ஒரு குப்பி

2021 ஏப்ரலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த ஒரு கணக்கு தமிழக சுகாதாரத் துறையைத் தலைகுனிய வைத்தது. அந்த மாதம் 11ஆம் தேதி வரை கொரோனா தடுப்பூசியை அதிகம் வீணாக்கிய மாநிலம் தமிழ்நாடு என்றது அந்தக் கணக்கு. விகிதம் 12.10 விழுக்காடு. ஹரியானாவும் பஞ்சாபும் அதற்குப் பின்னால்தான் நின்றன. 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. நோய்த்தடுப்புக்கென்றே தனி இயக்குநரகம் வைத்து நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த மாநிலமும் கூட. போலியோ சொட்டு மருந்தும் அம்மை ஊசியும் போட்டுப் பழகிய கைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதவர்கள் குறைவு.

மூன்று மாதம் கழித்து நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வேறொரு கணக்கைச் சொன்னது. மே 1 முதல் ஜூலை 13 வரை தடுப்பூசியைத் துளியும் வீணாக்காததோடு, கொடுத்ததைவிட அதிகம் பேருக்குப் போட்ட மாநிலங்களின் பட்டியல் அது. அதிலும் முதலிடம் தமிழ்நாட்டுக்கே: 5.88 லட்சம் டோஸ் கூடுதல். அதே செவிலியர்கள், அதே ஆரம்ப சுகாதார நிலையங்கள், பெரும்பாலும் அதே மருந்து. இடையில் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு அந்தப் பெருமையைத் தனதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்த கதையை ஆட்சி மாற்றத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் ஐந்து மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி வீதம் பத்துப் பேருக்கு வரும். கோவேக்சின் தொடக்கத்தில் இருபது பேருக்கான குப்பியாகவே வந்தது, பிறகுதான் பத்தாயிற்று. மூடியைத் திறந்ததும் செவிலியர் நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவார். அங்கிருந்து நான்கு மணி நேரம். அதற்குள் பத்துப் பேர் வராவிட்டால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் காலை பத்து மணிக்கு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். குப்பியைத் திறந்தால் ஏழு டோஸ் வீண். திறக்காமல் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிட்டால் அந்த மூவரில் எத்தனை பேர் மறுநாள் திரும்பி வருவார்கள்? கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர் வரமாட்டார். பல இடங்களில் திறந்தார்கள். 12.10 என்ற எண்ணில் பெரும்பங்கு, வராமற்போன அந்த ஏழு பேருடையது என்றுதான் நான் படிக்கிறேன்.

கூடுதல் டோஸின் இரகசியமும் அதே குப்பிக்குள் இருக்கிறது. ஊசியிலும் குப்பியின் அடியிலும் தங்கிப்போகும் அளவை ஈடுகட்ட, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவைவிடச் சற்று அதிகமாகவே நிரப்புகிறார். பழகிய கை, சரியான ஊசி, அவசரமில்லாத இழுப்பு இவை அமைந்தால் பத்துக்குப் பதில் பதினொன்று, சில நேரம் பன்னிரண்டு எடுக்கலாம். கேரளம் இதைத் தமிழகத்துக்கு முன்பே செய்து காட்டியிருந்தது. 2021 மே தொடக்கத்தில் 73,38,806 டோஸ் பெற்று 74,26,164 டோஸ் போட்டிருப்பதாக அதன் முதல்வர் அறிவித்தார். ஆனால் பதினொன்றாவது டோஸை எடுக்க வேண்டுமானால் பதினொன்றாவது ஆள் வரிசையில் நிற்க வேண்டும். ஏப்ரலில் அந்த ஆள் இல்லை. ஜூலையில் தெரு முனை வரைக்கும் நின்றார்கள்.

முதலில் ஏன் வரவில்லை? பயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வசதி. ஆனால் அந்தப் பயத்துக்கு நியாயங்கள் இருந்தன. 2021 ஜனவரி 3 அன்று கோவேக்சினுக்கு அனுமதி தரப்பட்டபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் முடிவுகள் வெளிவந்திருக்கவில்லை. 'மருத்துவப் பரிசோதனை நிலையில்' பயன்படுத்தலாம் என்றொரு குழப்பமான சொற்றொடருடன் அனுமதி வந்தது. ஜனவரி 16 அன்று ஊசி தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவப் பணியாளர்களுக்கு. அவர்களிலேயே பலர் தயங்கினார்கள். டாக்டரே போட்டுக்கொள்ளாததை நான் ஏன் போட வேண்டும் என்று நோயாளி கேட்டால் அதை அறியாமை என்று தள்ள முடியாது. முதலில் நான்கு வாரம், பிறகு ஆறிலிருந்து எட்டு, மே மாதம் பன்னிரண்டிலிருந்து பதினாறு என்று கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு நடுவிலான இடைவெளி நீண்டுகொண்டே போனது. அதற்கு அறிவியல் காரணமும் இருந்தது, தட்டுப்பாடும் இருந்தது. மக்கள் தட்டுப்பாட்டை மட்டும்தான் பார்த்தார்கள்.

இதன் நடுவே நடிகர் விவேக். ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், பத்திரிகையாளர்கள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை மரணம். இதய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன் உடனே விளக்கினார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில்தான். ஆறு மாத இடைவெளி! ஒரு வாட்சப் செய்தி மாநிலத்தைச் சுற்றிவர ஆறு நிமிடம் போதும். ஆய்வு, அறிக்கை, குழுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனாலும் மாநிலம் முழுவதும் பேசப்பட்ட ஒரு சாவுக்கு முறையான பதிலை ஆறு மாதம் காக்க வைத்த அமைப்பு, மக்களைப் பார்த்து வதந்தியை நம்பாதீர்கள் என்று சொல்வதில் ஒரு கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

தயக்கத்தின் வேர் இன்னும் பின்னால், 2020ன் பரிசோதனை நாட்களில் இருக்கிறது. மாநிலத்தின் முதல் தொற்று அந்த ஆண்டு மார்ச் 7 அன்று உறுதியானது. ஏப்ரலில், தில்லியில் நடந்த இஸ்லாமிய மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று தினசரி அறிக்கையில் ஒரு பிரிவே இருந்தது. எதிர்ப்புக்குப் பின் அதன் பெயரை மாற்றினார்கள், அதற்குள் ஒரு சமூகத்தின் மேல் பழி விழுந்துவிட்டிருந்தது. அதே ஏப்ரலில், தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. பிறகு தகரம் வந்தது. தொற்று வந்த வீட்டின் வாசலைத் தகரத்தால் அடைத்தார்கள், கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒற்றை அறை வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் வடசென்னைச் சந்தில் தெருவையே மூடினார்கள். 'டெஸ்ட் எடுத்தா தகரம் அடிச்சிடுவாங்க' என்பது அந்த மாதங்களின் தெருப் பேச்சு. பரிசோதனை என்றாலே தண்டனை என்று பழகிய மனிதரிடம் ஒன்பது மாதம் கழித்து அதே மாநகராட்சிச் சட்டையோடு போய், இது உன் நன்மைக்கு, கையை நீட்டு என்றால் அவர் யோசிக்கத்தான் செய்வார்.

அந்த மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்தது. சந்தையை 5ஆம் தேதி மூடினார்கள், அதற்குள் லாரிகளிலும் சுமைத் தொழிலாளர்களோடும் தொற்று வட மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஒரு சந்தையோடு இணைக்கப்பட்ட தொற்றுகள் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டின. சென்னை மாநகராட்சி திசை மாறியது அதற்குப் பிறகுதான். காய்ச்சல் முகாம்கள் தொடங்கின. ஒரு ஷாமியானா, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, ஒரு டாக்டர், ஒரு நோட்டு. வருபவருக்குச் சத்து மாத்திரையும் கபசுரக் குடிநீரும் கிடைக்கும். காய்ச்சல், இருமல் இருந்தால் அங்கேயே மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பார்கள். அன்றாடம் ஐந்நூறை ஒட்டிய முகாம்கள் நடந்தன. இன்னொரு பக்கம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டார்கள். கபசுரக் குடிநீர் வைரசை என்ன செய்தது என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. முகாமுக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்தக் கசப்புக்குப் பங்குண்டு.

பரிசோதனை முறையைத் தேர்ந்தெடுப்பதில் தமிழகம் பிடிவாதமாக இருந்தது. முதல் அடியிலேயே கிடைத்த பாடம் காரணமாக இருக்கலாம். சீனாவிலிருந்து அறுநூறு ரூபாய் விலையில் வாங்கிய துரித எதிர்ப்பொருள் சோதனைப் பெட்டிகள் தப்பும் தவறுமாக முடிவு காட்ட, ஏப்ரல் கடைசியில் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரை மணி நேரத்தில் முடிவு தரும் ஆன்டிஜன் சோதனைக்கு அனுமதி தந்தபோது தில்லி அதைப் பெருமளவில் கையிலெடுத்தது, தமிழகம் தொடவில்லை. ஆர்டி-பிசிஆர் மட்டுமே என்று நின்றது. அதற்குப் பாராட்டும் வந்தது, காரணமும் உண்டு: ஆன்டிஜன் சோதனை தொற்றுள்ளவரையும் இல்லை என்று அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆர்டி-பிசிஆர் முடிவு வர ஒரு நாள், நெருக்கடி வேளையில் இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில்தான் நோயாளி அதிகம் தொற்ற வைக்கிறார். குச்சி விட்டுக்கொண்டவர் முடிவு வரும்வரை வீட்டில் அடைந்து கிடப்பார் என்ற நம்பிக்கையில் நின்ற கொள்கை அது. தினக்கூலியில் பிழைப்பவருக்கு அந்த நம்பிக்கை எப்படிப் பொருந்தும்? துல்லியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த இரண்டு நாள் கூலியையும் அரிசியையும் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே கணக்கிட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

இத்தனை அலைச்சலிலும் ஓர் அரிய சொத்து சேர்ந்தது. தமிழகமும் ஆந்திரமும் தொடர்புத் தடமறிதலில் சேர்த்த பதிவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் எழுதிய ஆய்வு 2020 செப்டம்பர் கடைசியில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 84,965 தொற்றாளர்கள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். அதுவரை உலகில் எங்கும் இவ்வளவு பெரிய தடமறிதல் தரவு அலசப்பட்டதில்லை. தொற்றாளர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் தம் தொடர்புகளில் ஒருவருக்குக்கூட நோயைத் தரவில்லை. சிறு எண்ணிக்கையினரே பெரும்பாலான தொற்றைப் பரப்பியிருந்தார்கள். கோயம்பேட்டில் கண்ணால் கண்டதற்குக் கிடைத்த எண் வடிவம் என்றே இதைச் சொல்லலாம். குழந்தைகள் தங்களுக்குள் நோயைப் பரப்புகிறார்கள் என்பதையும் அது காட்டியது. வீடு வீடாக நோட்டோடு அலைந்த பெண்களின் எழுத்திலிருந்து பிறந்த ஆய்வு அது.

ஆனாலும் அந்த நோட்டு எவ்வளவைப் பிடித்தது? 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுவதும் இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 31.6 விழுக்காடு. மக்கள்தொகையோடு பெருக்கினால் குறைந்தது இரண்டேகால் கோடிப் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. நவம்பர் முடிவில் அரசின் பதிவேட்டில் இருந்ததோ சுமார் 7.8 லட்சம். ஏறத்தாழ முப்பதில் ஒருவர். மாவட்ட வாரியாகப் பார்த்தால் இன்னும் விசித்திரம். மிக அதிக எதிர்ப்பொருள் பெரம்பலூரில், 51 விழுக்காடு. மிகக் குறைவு நீலகிரியில், 11.1. மாநிலத்திலேயே மிகக் குறைந்த தொற்று எண்ணிக்கை பதிவான மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். பதிவேட்டை மட்டும் பார்த்தவர் அங்கே நோய் எட்டிப்பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். உண்மையில் பாதி மாவட்டத்தை அது கடந்து போயிருந்தது. எட்டிப்பார்க்காதது மூக்குக் குச்சி. இறப்புக் கணக்கிலும் இதே கதை: 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த சென்னை மரணங்கள் 444ஐ ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள்.

இரண்டாம் அலை எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 தொற்றுகள். படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சிலேயே காத்திருந்து இறந்தவர்களை ஊர் ஊராகப் பார்த்த மக்களுக்கு ஊசி மேல் இருந்த பயம், நோய் மேல் இருந்த பயத்துக்கு முன்னால் சிறுத்துப் போயிற்று. வரிசை நீண்டது. அப்போது மருந்து இல்லை. மே 1 முதல் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கும் போடலாம் என்று அறிவித்த ஒன்றிய அரசு, உற்பத்தியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டு மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் விலை பேசி வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. தமிழகம் 3.5 கோடி டோஸுக்கு உலக அளவில் டெண்டர் விட்டது. ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. மாநிலங்களை ஒன்றோடொன்று போட்டி போட வைத்த அந்தக் கொள்கை ஐந்தே வாரத்தில் கைவிடப்பட்டது. ஜூன் 21 முதல் முக்கால் பங்கை ஒன்றிய அரசே வாங்கி இலவசமாகத் தந்தது.

இந்தத் தட்டுப்பாட்டின்போது செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஒன்றிய அரசு பல நூறு கோடி செலவில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் பூட்டிக் கிடந்தது. முதல்வர் மு.க. ஸ்டாலின் மே மாதம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று பிரதமருக்கு எழுதினார். காரியம் ஆகவில்லை. 1907லிருந்து இயங்கும் குன்னூர் பாஸ்டியர் நிறுவனமும், 1948ல் தொடங்கிய கிண்டி பிசிஜி ஆய்வகமும் இதே மாநிலத்தில்தான் இருக்கின்றன. தரக் குறைபாடு என்று சொல்லி 2008ல் அவற்றின் உரிமத்தை நிறுத்தி வைத்து, இரண்டு ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பொதுத்துறைத் தடுப்பூசி உற்பத்தி இழந்த வேகத்தை அதன்பின் மீட்கவேயில்லை.

மருந்து வந்த பிறகும் ஒரு தடை இருந்தது, அது கைப்பேசி. முன்பதிவுக்கான கோவின் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே தொடங்கியது. ஜூனில் இந்தியையும் சில மாநில மொழிகளையும் சேர்த்தபோது தமிழ் விடுபட்டிருந்தது, கேட்டு வாங்கினார்கள். நெட் இல்லாதவர், எழுத்தறியாதவர் எப்படிப் பதிவார் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பதினெட்டிலிருந்து நாற்பத்து நான்கு வயதுள்ளவர்கள் அரசு மையத்துக்கு நேரில் வந்தால் போடலாம் என்ற தளர்வு மே 24 அன்றுதான் வந்தது. அதுவரை சென்னையின் மென்பொருள் இளைஞர்கள் ஊசிக்காக அறுபது கிலோமீட்டர் காரோட்டிப் போய்க் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றதும், அந்த ஊர்க்காரர் வாசலிலிருந்து அதை வேடிக்கை பார்த்ததும் நடந்தது.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, முதல் மெகா முகாம். நாற்பதாயிரம் இடங்கள்: பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், கோயில் மண்டபம், ரேஷன் கடை. இருபது லட்சம் பேருக்கு என்று திட்டமிட்டு 28.91 லட்சம் பேருக்குப் போட்டார்கள். முன்பதிவு, ஸ்லாட், மருத்துவமனைப் படியேறுவது என்று எதுவும் தேவைப்படவில்லை. காய்ச்சல் முகாமின் அதே ஷாமியானாதான், இந்த முறை கையில் குப்பி. ஒரே நாளில் ஊர் மொத்தமும் கூடினால் குப்பிக் கணக்கும் தானாகச் சரியாகிவிடும். பத்தாவது ஆளைத் தேட வேண்டியதில்லை.

அக்டோபரில் முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினார்கள். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்ன காரணம் அழகானது: ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று மக்கள் நம்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் விட மனமில்லாதவர்கள் முகாமுக்கு வருவதில்லை. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லை என்று மேடை போட்டுப் பேசுவதைவிடக் கிழமையை மாற்றுவது சுலபம் என்று கண்ட அதிகாரி யாரோ, அவருக்கு ஊர் தெரியும். கோவளம் மீனவக் கிராமத்தில் ஒரு தன்னார்வ அமைப்பு பிரியாணி கொடுத்து, குலுக்கலில் தங்கக் காசும் ஸ்கூட்டரும் வைத்து ஆட்களை வரவழைத்ததும் இதே ரகம். நீலகிரியில் இதற்கு நேர்மாறாக, ஊசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் பாட்டில் என்றார்கள். ஆசை காட்டுவதற்கும் கையை முறுக்குவதற்கும் நடுவிலுள்ள கோடு இங்கே பல தடவை அழிந்தது. அதே நீலகிரியில் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வண்டியோடும் நடந்தும் போய், அந்த ஆண்டின் பாதியிலேயே பெரும்பாலோருக்கு முதல் தவணை போட்டு முடித்ததற்கு பாட்டிலும் பிரியாணியும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2022 ஜனவரியில் மூன்றாவதாக முன்னெச்சரிக்கைத் தவணை வந்தபோது குளிர்பெட்டி நிறைய மருந்து இருந்தது, வரிசை இல்லை. ஜூலை 15 முதல் எழுபத்தைந்து நாள் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தும் கூட்டம் சேரவில்லை. நோயின் பயம் போயிருந்தது. முகாம்களை செப்டம்பரோடு முடித்துக்கொண்டார்கள்.

முகாம் நடத்தியவர்களின் கணக்கு மட்டும் நேராகவில்லை. கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தன் வழக்கமான வேலையே ஏராளம்: கர்ப்பிணிப் பதிவு, புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்கு ஊசி, வீடு வீடாகப் பார்வை. அதன் மேல் வார இறுதியில் மெகா முகாம், இரவில் கணினிப் பதிவு. விடுப்பில்லாமல் எத்தனை வாரம் என்று அவர்கள் குரல் எழுப்பினார்கள். 2020ல் தொற்றின் உச்சத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் ஏறத்தாழ 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை என்ற அரசாணை, ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கையில் வந்தது. சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாற்று ஒப்பந்தப் பணி தருகிறோம் என்றது அரசு. நிரந்தரப் பணிதான் வேண்டும் என்று அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.